கல்லில் எங்கள் ஆள்

என் கைடுக்கு வயது முப்பத்தொன்று. என் மூத்த மகளைவிடக் கொஞ்சம் பெரியவர், அவ்வளவுதான். அவரைப் பற்றி எழுதும்போது 'அவள்' என்றுதான் கை ஓடுகிறது. ஆனால் என் ப்ராஜெக்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் என்பதால் 'அவர்'. அவர் என்னை 'அம்மா' என்பார், நான் அவரை 'மேடம்' என்பேன். துறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்து போனால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். பரவாயில்லை உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நானும் போய்விடுவேன். எதற்கு வீணாகத் திருத்துவது?

அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் லஞ்ச் பேகோடு கிளம்புகிற என்னைப் பார்த்து வீட்டுக்காரர், "டிபன்ல தயிர்சாதம் வச்சியா? ஸ்கூல்ல அழக்கூடாது, இன்னா?" என்பார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். நான் போய்விட்டால் மதியச் சாப்பாட்டை அவரே சூடு பண்ணிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தக் கேலியின் உள்விவகாரம்.

இரண்டாம் ஆண்டில் 'தனி ஆய்வு' என்று ஒரு பாடம். வகுப்பு கிடையாது. இடைக்காலத் தமிழக வரலாற்றில் ஒரு தலைப்பை நாமே எடுத்துக்கொண்டு, ஒரு கைடின் மேற்பார்வையில் தேடி, படித்து, எழுதிக் கொடுக்க வேண்டும். தனி ஆய்வு என்று பெயர் வைத்துவிட்டு, தனியாக ஒரு வரி எழுதவிட மாட்டார்கள். மற்றவர்கள் படையெடுப்பு, கோபுரம், வணிகக் குழுக்கள் என்று எடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் ராஜாக்களுக்கா பஞ்சம்.

எனக்கு ராஜா வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரே ஓர் ஆள், எங்கள் ஆள். எங்கள் தாத்தா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்கள். அப்புறம் பள்ளிக்கூடம், சர்ச், ரயில்வே, ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போய்விட்டோம். தாத்தாவுக்கு முன்னால் யார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்வெட்டில் இருக்கிறோமா என்று பார்த்தால், இருக்கிறோம். தானம் கொடுத்த நிலத்துக்கு எல்லை சொல்கிற இடத்தில் இருக்கிறோம். கிழக்கே இன்ன சேரி, தெற்கே இன்ன வாய்க்கால் என்று. அந்தக் காலத்தில் சேரி என்றால் யாருடைய குடியிருப்பும்தான். எங்களுடையதற்கு முன்னால் மட்டும் எங்கள் சாதிப் பெயர் ஒட்டியிருக்கும், அதனால் தெரிந்துவிடும். பனைமரம், பாறை, வாய்க்கால், அப்புறம் நாங்கள். எல்லையாக இல்லாமல், தானே ஒரு காரியம் செய்த ஒரே ஓர் ஆள் கல்லில் கிடைத்தால் போதும் என்பதுதான் என் ஆய்வு. தலைப்பை நீளமாக, கௌரவமாகத்தான் எழுதிக் கொடுத்தேன். உள்ளே இருந்தது இதுதான்.

கைடு திருப்புட்குழிப் பக்கத்து ஜைனக் குடும்பம். விவசாயக் குடும்பம்தான், மார்வாடி என்று யாராவது கேட்டுவிட்டால் அரை மணி நேரம் விளக்குவார். பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார். எங்கள் கள ஆய்வுகளெல்லாம் சோழர் காலத்தைச் சுற்றி நடந்தாலும், திட்டமிடப்பட்டது அவருடைய சாயங்காலச் சாப்பாட்டைச் சுற்றித்தான். நான்கு மணி ஆனால் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். "மேடம், சூரியன் எங்கயும் ஓடிடல, இன்னும் கீழ எறங்கல" என்று நான் சொல்வேன். அவர் டிபன் பாக்ஸைத் திறப்பார்.

அவருடைய ஆட்கள் கல்வெட்டில் நன்றாகவே இருக்கிறார்கள். ஜைனப் பள்ளிக்கு, அதாவது அவர்கள் கோயிலுக்கு, நிலம், அந்த நிலத்துக்கு வரி விலக்கு, விளக்குக்கு எண்ணெய். "உங்க ஆளுங்களுக்கு நெலம், எங்க ஆளுங்களுக்கு எல்லையா?" என்று கேட்டால் சிரிக்க வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைப்பார். நல்ல பெண். நான் எழுதிக்கொண்டு போகிற பக்கங்களில் பாதி வாக்கியத்துக்குப் பக்கத்தில் 'எப்படித் தெரியும்?' என்று பென்சிலில் எழுதி வைப்பார். நோயாளிக்குக் காய்ச்சல் என்று நான் சொன்னால் எந்த டாக்டரும் இப்படிக் கேட்டதில்லை.

படிக்கப் படிக்க எனக்குக் கல்வெட்டு பிடித்துப்போனது. கோயிலில் அணையாமல் எரிகிற நந்தா விளக்குக்கு ஆடுகளைத் தானமாகக் கொடுப்பார்கள். அந்த மந்தையின் நெய்யில் விளக்கு எரியும். ஆடு செத்தாலும் குட்டி போட்டுக் கணக்குச் சரியாக வந்துவிடும் என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாகாத, கிழமாகாத ஆடு. என் சர்வீஸ் முழுக்க அப்படி ஒரு பேஷண்ட்டைக்கூட நான் பார்த்ததில்லை.

ஐயம்பேட்டை தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே ஏரிக்கரையில் பழைய சிவன் கோயில் ஒன்று. குருக்கள் பூஜைக்கு வந்து திறந்து, பூஜை முடிந்ததும் பூட்டிவிடுவார். முதல் முறை போனபோது என்னை உற்றுப் பார்த்தார். எந்த ஊர், யார் வீடு என்று தொடங்கப் போகிறார் என்று நானும் பதில்களைத் தயாராக்கிக்கொண்டேன்.

"நீங்க பெரியாஸ்பத்திரி நர்ஸம்மாதான? எனக்கு நாய்க்கடி ஊசி நீங்கதான் போட்டீங்க" என்றார்.

அதோடு எல்லாக் கதவும் திறந்துவிட்டது. சாமிக்குப் பயப்படுகிறவர்களைவிட ஊசிக்குப் பயந்தவர்கள் அதிகம் மரியாதை தருவார்கள்.

கோயிலின் தெற்குச் சுவரில், அடியில், இரண்டு கற்கள் சேர்கிற இடத்தில்தான் அந்த வரி இருந்தது. சுற்றிலும் வெள்ளையடித்து, அதன்மேல் காவி அடித்து, எழுத்தெல்லாம் மூழ்கிக் கிடந்தது. ஒரே ஒரு வரி மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. இடது கல்லின் கடைசியில் எங்கள் சாதிப் பெயர் ஒட்டிய சேரி. வலது கல் அதைத் தொடர்ந்தது. சேரியில் இருக்கும் இன்னாருடைய மகள், இரண்டு பெயருமே சிதைந்துவிட்டன, வைத்த நந்தா விளக்கு ஒன்று.

போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, மறுபடி பார்த்து, உட்கார்ந்துவிட்டேன். கைடுக்கு அனுப்பினேன். ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை வருவதற்குள் அவரே போன் செய்துவிட்டார்.

"அம்மா, இது பெரிய விஷயம். உங்களுக்குப் புரியுதா?"

"எனக்கா புரியல?" என்றேன். என் குரல் உடைந்து பக்கத்தில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அந்தப் படத்துக்குக் கீழே மட்டும் கைடு 'எப்படித் தெரியும்?' என்று கேட்கவில்லை. அவருக்கும் அந்த விளக்கு வைத்தவள் வேண்டியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை, எழுந்து நின்று, போட்டோவைக் காட்டி, ஆட்டுக் கணக்கோடு சொன்னேன். எங்கள் தெருப் பெண்களுக்கு அதற்கப்புறம் அவள் தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டாள். "நம்ம விளக்கம்மா" என்று பேரும் வைத்துவிட்டார்கள். அத்தனை ஆடு வாங்க அவளுக்குக் காசு ஏது, புருஷன் கேட்டானா, மாமியார் சும்மா இருந்தாளா என்று ஆராய்ச்சி என்னைவிட வேகமாகப் போனது. சிவன் கோயிலுக்குப் போய் விளக்கு வைத்திருக்கிறாளே என்று ஒருத்தி தயங்கினாள். அப்போது இயேசு இந்தப் பக்கம் வரவில்லை என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். அடுத்த வாரம் கேக் வெட்டினார்கள். கேக்கில் கிரீமில் ஒரு விளக்கு. பேக்கரிக்காரர் கார்த்திகை தீபத்துக்கு என்று நினைத்துக்கொண்டாராம்.

போட்டோ ஆதாரம் ஆகாது, மைப்படி எடுக்க வேண்டும் என்றார் கைடு. அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனோம். கல்லைத் தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஈரக் காகிதத்தை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் காகிதம் இறங்குகிற வரைக்கும் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். அப்புறம் மேலே மையை ஒற்றி எடுத்தால் கறுப்பில் எழுத்து வெள்ளையாக வரும். பழைய காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலைதான். நான் சுத்தம் செய்தேன், அவர் தட்டினார். தட்டுவதில் எனக்குத் திருப்தி இல்லை, பிடுங்கி நானும் தட்டினேன். "மேடம், கல்லுக்கு வலிக்காது, நல்லா அடிங்க."

சுண்ணாம்பு போனதும் மற்ற வரிகளும் எழுந்து வந்தன. எனக்கு இன்னும் நல்லதாயிற்று என்றுதான் நினைத்தேன். கைடு மை ஒற்றிக்கொண்டே வந்தவர், மெல்ல நிறுத்தினார். மேல் வரிக்குப் போனார். கீழ் வரிக்கு வந்தார்.

"இன்னா மேடம்?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு நிமிஷம்."

எழுந்து கோயிலைச் சுற்றப் போய்விட்டார். நான் காகிதத்தைப் பார்த்தேன். இத்தனை மாதம் படித்தது வீண் போகவில்லை, எனக்கும் தெரிந்தது. மேல் வரியில் இடது கல் வாய்க்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, வலது கல் ஆடுகளைப் பற்றிப் பேசியது. கீழ் வரியில் இடது கல் வரி விலக்கு என்றது, வலது கல் நெய் என்றது. இரண்டு கற்களும் ஒன்றோடு ஒன்று பேசவே இல்லை. எப்போதோ நடந்த திருப்பணியில் சுவரைப் பிரித்துத் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். அடுக்கியவருக்குச் சுவர் நின்றால் சரி, எந்தக் கல் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது என்று யார் பார்த்தார்கள். எங்கள் சேரி ஒரு கல்வெட்டில் இருந்தது. விளக்கு வைத்த மகள் வேறொரு கல்வெட்டில் இருந்தாள். கொத்தனார் அவர்களைப் பக்கத்து வீடாக்கிவிட்டார்.

கைடு வடக்குச் சுவரில், அபிஷேக நீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். புடவை முழுக்கப் பாசி. நான் போய் நின்றேன். அவர் விரல் வைத்திருந்த கல்லில் எங்கள் சேரியின் மீதி இருந்தது. சேரிக்கு மேற்கும், வாய்க்காலுக்கு வடக்கும் என்று போயிற்று. யாரோ யாருக்கோ கொடுத்த நிலத்தின் எல்லை. விளக்கு வைத்தவளின் முன் பாதி கோயில் முழுக்கத் தேடியும் இல்லை. அவள் எந்தத் தெருவோ, யார் மகளோ.

தேடி முடித்தபோது சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. அவருடைய டிபன் பாக்ஸ் திறக்காமலே பையில் இருந்தது. இனி மறுநாள் காலைதான். அன்றைக்கு வானத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்தப் பெண் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டது எனக்காகத்தான் என்று தெரிந்து, அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவரே ஆரம்பித்தார். "அம்மா, அடிக்குறிப்புல போடலாம். இந்த ரெண்டு கல்லும் சேர்ந்ததா இருக்க வாய்ப்பும் உண்டுன்னு. முழுசா இல்லன்னும் நிரூபிக்க முடியாதில்ல? மேல்வரி வேற யாரோ எழுதியிருக்கலாம்."

ஒவ்வொரு வரிக்கும் 'எப்படித் தெரியும்?' என்று கேட்ட பெண் சொல்கிறாள் இதை.

"வேணாம் மேடம்" என்றேன். "நாளைக்கு ஒருத்தன் வந்து பாத்து, இவுங்க ஒட்டிக்கினாங்க, இவுங்களுக்கு ஒண்ணுமே இல்லாததால ஒட்டிக்கினாங்கன்னு சொல்லுவான். அது எனக்குத் தாங்காது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் நகமெல்லாம் மை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டோம்.

வீட்டுக்காரர் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. தோசை ஊற்றிக் கொடுத்தார். கேலியே தேவலாம் போலிருந்தது. நான் அழுதேன், உப்பு போடாத தோசைக்காக என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

சர்ச்சில் சொல்வதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, கல் மாறிப்போன கதையைச் சொன்னேன். முன் வரிசையில் இருந்த பெரியம்மா, "அப்ப கேக்கு?" என்றார்.

"கேக்கு சாப்பிட்டது சாப்பிட்டதுதான்" என்றேன். கொஞ்சம் சிரித்தார்கள். ஆனால் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, எப்போதும் நான்கைந்து பேர் என்னைச் சூழ்ந்து நிற்கிறவர்கள் அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தனித்தனியாகப் போனார்கள். கேட்காமல் இருந்திருக்கலாமே என்கிற மாதிரி. சொந்தத்தில் ஒருத்தி செத்தால் இப்படித்தான் போவோம்.

தலைப்பை மாற்றிக்கொண்டோம். ஒட்டிக்கொள்ள ஆள் இல்லை, எல்லைதான் இருக்கிறது, எல்லையையே எடுத்துக்கொள்கிறேன் என்று நான்தான் சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன். கைடு அதைப் பிடித்துக்கொண்டார். நிலம் எங்கே, வாய்க்கால் எங்கே, ஏரி எங்கே என்று வரைந்து பார்த்தால் சேரி எங்கே இருந்தது என்று காட்டலாம் அல்லவா என்றார். கிராம வரைபடம் வாங்கிக்கொண்டு, அந்தச் சிவன் கோயில் ஊரிலேயே ஆரம்பித்தோம். அவர் வாய்க்காலின் மடையைப் பார்க்கப் போனார். நான் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல் சொன்ன திசையில் நடந்தேன். அத்தனை தடவை வந்தும் அந்தப் பக்கம் நான் போனதில்லை. எண்ணூறு வருடத்துக்கு முந்தியவளைத் தேடி வந்தவளுக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எப்படிக் கண்ணில் படுவார்கள்.

வாய்க்கால் அங்கேயே இருந்தது. அதற்கு வடக்கே, மேற்குப் பக்கமாக ஒரு பெரிய நிலம், இப்போது மனை பிரித்துக் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, நகர் என்று பேர் எழுதி வைத்திருந்தார்கள். அதற்குக் கிழக்கே காலனி. வரிசையாகத் தொகுப்பு வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன சர்ச், ஒரு மாரியம்மன். இன்றைக்கு இருப்பதுதான் அன்றைக்கு இருந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று கைடு பிறகு பத்துத் தடவை சொன்னார். எழுதியும் வைத்திருக்கிறோம். ஆனால் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று, மாற்றி மாற்றிப் பார்த்தேன். சேரி நகர்ந்ததாகவே தெரியவில்லை.

தொட்டியடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வூட்டுக்குமா வந்திருக்கீங்க?"

சொன்னேன். கோயில் கல்லில் இந்தத் தெருவைப் பற்றி எழுதியிருக்கிறது, அதைப் பார்க்க வந்தேன் என்று. அவள் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

"எங்களயா? கோயில்லயா? இன்னான்னு எழுதிக்கிது?"

"அதோ அந்த நெலம் உங்க தெருவுக்கு மேற்கால இருக்குதுன்னு."

"அது எங்களதுன்னா?"

"இல்லமா. அது வேற ஆளுங்களுக்குக் குடுத்தது. அது எங்க இருக்குதுன்னு சொல்றதுக்கு உங்க தெருவச் சொல்லியிருக்காங்க."

கொடி கட்டியிருந்த மனைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இருந்த மாதிரி தெரியவில்லை.

"அந்தக் கல்லுல எங்க ஆளுங்க பேரு ஒண்ணுகூட இல்லியா?"

"இல்லமா. தேடிப் பாத்துட்டேன்."

சர்ச்சில் அத்தனை பேர் முன்னால் சொன்னதைவிட இவள் ஒருத்தியிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"நீங்க எழுதறது புக்கா?"

"புக்கு மாதிரிதான். காலேஜ்ல வச்சிப்பாங்க."

"அப்ப எழுதிக்குங்க" என்று தன் பெயரைச் சொன்னாள். இனிஷியல் அப்பா பேருக்கா வீட்டுக்காரர் பேருக்கா என்று கேட்டேன். யோசித்து, "எங்கம்மா பேரப் போடுங்க" என்றாள். வரைபடத்தில் வாய்க்காலுக்கு வடக்கே, அவள் நின்ற இடத்திலேயே எழுதினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்.

"சரியா இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தாள்.